பங்கா படகும் நஞ்சப்பா சொன்ன ஒரு சொல்லும்

அன்புள்ள மகன் ஏழுமலைக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ நஞ்சப்பா வீட்டுப் பெண்ணைத்தான் கட்டப்போகிறாய் என்று, நீ முழங்கால் தேயத் தவழ்ந்துகொண்டிருந்த நாளிலேயே உன் சித்தியிடம் சொல்லிவிட்டேன். "அந்தப் பொண்ணு அப்ப பொறக்கவே இல்லியே" என்று இதை எழுதும்போது அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள். கொடுக்கட்டும். பிறந்து, வளர்ந்து, உன்னோடு பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுகிற பெண்ணைப் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பிறக்காதவளைப் பற்றிச் சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும். நீ பம்பாய்க்கு வேலைக்குப் போவாய் என்றும் சொன்னேன். அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மெலிவாய் என்றும் சொன்னேன். நஞ்சப்பா ஒருநாள் என்னை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்பான் என்பதும் எனக்குத் தெரியும். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சித்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், என் கண்ணாடிக்கு ஒரு பக்கத்துக் காது உடைந்திருப்பதால். படிக்கத் தெரியாமல் இல்லை. நான் நாலாம் கிளாஸோடு நின்றது வாத்தியாருக்கு என்மேல் இருந்த பொறாமையால்தான் என்பது உனக்கே தெரியும். "வாயால் சொன்னால் நீங்கள் வளர்த்துக்கொண்டே போவீர்கள் சித்தப்பா, அதனால் எழுதிக் கொடுங்கள், நான் வந்து எல்லார் முன்னாலும் படிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். எழுதினால் சுருக்கமாக இருக்கும் என்று நினைத்தாயாக்கும். சரி. வியாழக்கிழமை நஞ்சப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்கப்போகிற பெரியவர்கள் எல்லாருக்கும் என் வணக்கம். கன்னடக்காரர்களுக்கு நஞ்சப்பா மகள் சாரதா ஒவ்வொரு வரியாக எடுத்துச் சொல்லட்டும். அந்த வேலையை நீ செய்யாதே. உன் கன்னடம் என் கன்னடத்தைவிட மோசம்.

வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது, அதனால் போன மாசத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நானும் உன் சித்தி பாக்கியமும் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு பெண் கேட்க நஞ்சப்பா வீட்டுக்குப் போனோம். இத்தனை வருஷமாக ஒரே ஏரிக்கு அந்தக் கரையில் அவனும் இந்தக் கரையில் நானும் குடியிருந்து, அவன் வாசற்படியை நான் மிதித்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி போட்டான். காபி கொடுத்தான். இப்போது அவன் தமிழ் நன்றாகவே பேசுகிறான், நடுவில் அவன் பாஷை கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். "பொண்ணு குடுக்க எனக்கு ஒண்ணும் தகராறு இல்ல ஸார். ஏழுமலை தங்கமான பையன். ஆனா உங்ககிட்ட ஒரு மாத்து கேக்கணும்" என்றான். மாத்து என்றால் கன்னடத்தில் பேச்சு, வார்த்தை. "அன்னிக்கு ஏரிக்கரையில படகு சூடாச்சே, நான் ஒரு மாத்து சொன்னேனே, அது உங்களுக்குப் புரிஞ்சுதா, புரியலியா? நெஜம் சொன்னா தட்டு மாத்திக்கலாம். இல்லாட்டி காபி குடிச்சிட்டுப் போங்க."

எனக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. கோலார் தங்கவயலில் வளர்ந்தவனுக்கு இருமல் வருவது புதிதில்லை, ஆனால் அது ரொம்ப நீளமான இருமல். இருமி முடித்தபோது நஞ்சப்பா அதே இடத்தில் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தான். நாங்கள் காபியைக் குடித்துவிட்டு, கொண்டுபோன தட்டோடு திரும்பினோம். ஏரியைச் சுற்றி நடந்து வரும்போது உன் சித்தி எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வாயால ஏழு பாஷை பேசுவேன்னு சொல்றது. ஒரு பாஷையில ஒரு பதில் சொல்ல வரல" என்றாள். ஆகவே உன் கல்யாணம் நடப்பதும் நடக்காததும் இப்போது என் பேனாவில் இருக்கிறது. இப்படி ஒரு நாள் வரும் என்றும் நான் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா உன்னைப் பெற்ற ஆறாம் நாள் போனாள். உன் அப்பா, என் அண்ணன், சுரங்கத்துத் தூசியை நெஞ்சில் கட்டிக்கொண்டு மேலே வந்து, அடுத்த வருஷமே போனார். உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பெங்களூர் வந்தபோது சுதந்திரம் வந்து இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகியிருந்தது. அல்சூரில் சித்தியின் தூரத்து உறவுக்காரர் வீட்டுப் பின்பக்கத்தில் ஒற்றை அறை. எனக்கு வேலை இல்லை. தங்கவயலில் நான் பெரிய இன்ஜின் டிரைவராக இருந்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அதில் பாதி உண்மை. இன்ஜின் பெரியதுதான். நான் அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. தண்ணீர் எங்கே, கரை எங்கே என்று தெரியாது. மாடு ஒன்று பச்சை நிலம் என்று நினைத்து நேராக நடந்து உள்ளே போய்விட்டது, நான்தான் வாலைப் பிடித்து இழுத்தேன். சாதாரண மோட்டார் படகை விட்டால் அடியில் சுழலுகிற இறக்கையில் கொடி சுற்றிக்கொண்டு நின்றுவிடும். அதனால் ஏரியைச் சுத்தம் செய்யக் காண்டிராக்ட் எடுத்தவர்கள், யுத்தத்துக்குப் பிறகு பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்ட இடத்திலிருந்து ஒரு விசித்திரமான படகைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தட்டையான அடி, தண்ணீருக்குள் ஒன்றுமே இல்லை. படகின் மேலே இரும்புச் சட்டம் கட்டி அதில் ஒரு லாரி இன்ஜின். அதற்குப் பின்னால் ஆகாய விமானத்து விசிறி, என்னைவிட ஒரு முழம் உயரம். அந்த விசிறி காற்றைப் பின்னால் தள்ளும், படகு தாமரை மேல் வழுக்கிக்கொண்டு முன்னால் போகும். அல்சூர் ஜனங்கள் அதற்குப் பங்கா படகு, அதாவது விசிறிப் படகு, என்று பெயர் வைத்தார்கள். பர்மாவில் ஜப்பான்காரனைத் துரத்திய படகு அது. பக்கவாட்டில் முதலை கடித்த பல் அடையாளம் இருந்தது, நானே விரல் விட்டுப் பார்த்தேன். ஜாக்கி வைத்த அடையாளம் என்று சிலர் சொன்னார்கள். முதலையைப் பார்த்திராதவர்கள்.

அதை ஓட்டிப் பார்க்க இரண்டு பேரை எடுத்திருந்தார்கள். ஒருவன் நான். இன்னொருவன் நஞ்சப்பா, மாகடிப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவன், அப்போது அவனுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. மேலே ஓவர்சியர், மதராஸ் பக்கத்து மனிதர், அவருக்கு ஒரு சொல் கன்னடம் தெரியாது. வேலைக்குச் சேர வந்த அன்றே நான் அவரிடம், "ஸார், எனக்கு ஏழு பாஷை வரும்" என்று சொல்லிவைத்திருந்தேன். தமிழ், தெலுங்கு, கன்னடம், துலுக்கு, இங்கிலீஷ், மிலிட்டரி இங்கிலீஷ், இன்னொன்று மறந்துவிட்டது. ஆகவே நஞ்சப்பா பேசுவதை அவருக்குச் சொல்வதும், அவர் பேசுவதை நஞ்சப்பாவுக்குச் சொல்வதும் என் பொறுப்பு ஆனது. இதை மனதில் வைத்துக்கொள்.

முதல் நாள், புதன்கிழமை. வியாழன் என்கிறாள் சித்தி, அவள் அங்கே இல்லை. படகு ஜம்மென்று கிளம்பியது. நடு ஏரிக்குப் போனதும் இன்ஜினிலிருந்து வெள்ளைப் புகை. ரேடியேட்டர் மூடி இடுக்கில் ஆவி சீறுகிறது, சூடு காட்டுகிற முள் கடைசிக் கோட்டைத் தாண்டி ஒட்டிக்கொண்டது. நிறுத்திவிட்டோம். தாமரைக்கு நடுவில் இரண்டு மணி நேரம் நானும் நஞ்சப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், பரிசல்காரன் வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை. கரையில் ஓவர்சியர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "சனிக்கிழமை பெரிய இன்ஜினியர் பாக்க வர்றார்யா. ஓடலேன்னா இத இரும்புக் கடைக்குத்தான் அனுப்பணும். ஓடுச்சுன்னா, ஓட வச்ச ஆளுக்கு இந்தப் படகு. பர்மனென்ட்டு. இன்னொரு ஆளு கணக்கத் தீத்துக்கிட்டுப் போவலாம்" என்றார். இதை நான் நஞ்சப்பாவுக்குக் கன்னடத்தில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேனா என்று இப்போது ஞாபகம் இல்லை.

ஏழுமலை, இன்ஜின் சூடாவதற்கு எத்தனை காரணம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது, ஆனால் எல்லாம் முன்பே தெரிந்தவன் மாதிரி நின்றேன். முதலில் ரேடியேட்டருக்கு முன்னால் தாமரை இலையும் நாரும் அப்பிக்கிடக்கிறது, காற்றுப் போகவில்லை என்றேன். சுரண்டி எடுத்தோம். மறுபடி கொதித்தது. பெல்ட் தளர்ந்து தண்ணீர்ப் பம்பு சரியாகச் சுற்றவில்லை என்றேன். பெல்ட்டை இறுக்கினோம். கொதித்தது. ரேடியேட்டருக்குள் அடைப்பு என்றேன். சிவாஜி நகரில் ரேடியேட்டர் பற்றவைக்கிற காதர் பாய் வந்து, கழற்றிக் கொண்டுபோய், தண்ணீர் பாய்ச்சிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். "ரேடியேட்டர் சாஃப் இருக்கு மியான். ஒரு கச்ரா இல்ல. கச்ரா யார் மண்டையில இருக்குன்னு பாருங்க" என்றார். கச்ரா என்றால் குப்பை. ஓவர்சியர் என்னைப் பார்த்தார். நான் நஞ்சப்பாவைப் பார்த்தேன்.

நஞ்சப்பா இதற்குள் எதையும் கழற்றவில்லை. படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான், தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். படகு கட்டியவன் விசிறி தண்ணீரில் இடிக்காமல் இருக்க இன்ஜினின் பின்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தான். முன்னால் ரேடியேட்டர் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. அதைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. அன்று எனக்கு அவன் படகுக்குத் திருஷ்டி கழிக்கிற மாதிரிதான் இருந்தது.

இப்போது முக்கியமான இடம். எல்லாரும் கவனமாகக் கேளுங்கள், சாரதா நிதானமாகச் சொல்லம்மா. இரண்டாம் நாள் பகல். இன்ஜின் அலறிக்கொண்டிருந்தது. லாரி இன்ஜின் ஒரு பக்கம், அந்த ராட்சச விசிறி ஒரு பக்கம், கரையில் காய்ந்த துணியெல்லாம் பறக்கிறது. பக்கத்தில் குண்டு போட்டாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் நஞ்சப்பா என் காதருகே வந்து, இன்ஜினைக் காட்டி, "ஒளகெ காளி இதெ" என்றான். ஒளகெ என்றால் உள்ளே, இதெ என்றால் இருக்கிறது, அது குழந்தைக்கும் தெரியும். நடுவில் வந்த சொல்தான் கஷ்டம். கன்னடத்தில் காற்றுக்கு ஒரு சொல் உண்டு. தமிழில் எழுதினால் காளி என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது. சொல்லும்போது முதல் எழுத்தை, கங்கையில் வருகிற இரண்டாவது ககரத்தைப் போல அழுத்திச் சொல்வார்கள். அப்படி அழுத்தினானா, எனக்கு எங்கே கேட்டது? "என்னய்யா சொல்றான் அந்தாளு?" என்று ஓவர்சியர் கத்தினார். எனக்குக் கேட்டதைச் சொன்னேன். "உள்ள காலின்றான் ஸார்." தண்ணீர் இல்லை, காலியாக இருக்கிறது என்று.

ஓவர்சியர் உடனே போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டார். விரல் நுனி நனைந்தது. தண்ணீர் கழுத்துவரை நிற்கிறது. "இதாய்யா காலி? கண்ணு காலியா இவனுக்கு?" என்று சிரித்தார். கரையில் தாமரை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நஞ்சப்பாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. மறுபடியும் அதே சொல்லைச் சொன்னான், இன்ஜினின் பின்பக்கத்து உச்சியைத் தொட்டுக் காட்டினான். இந்தத் தடவை வாட்ச்மேன் முனுசாமி காதில் வேறு மாதிரி விழுந்தது. "ஐயையோ, உள்ள காளி இருக்கான்றாரு ஸார்! அதான் இந்தக் கொதி கொதிக்குது" என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழம் வாங்க ஓடினான். அரை மணி நேரத்தில் படகுக்கு முன்னால் கற்பூரம், தேங்காய், குங்குமம். பெட்ரோல் பக்கத்தில் கற்பூரம் கொளுத்துகிறாயே என்று ஓவர்சியர் அவனைத் துரத்த, அவன் தேங்காய் மூடியோடு ஓட, காலியா காளியா என்று ஆளுக்கு ஆள் கத்த, அங்கே யார் எந்த பாஷையில் என்ன சொல்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அந்தக் குழப்பத்தில் ஓவர்சியர் நஞ்சப்பாவைப் பார்த்து, "நீ போய்யா. நாளையிலேருந்து வரவேணாம்" என்று கையைக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை நான் தனி ஆள். சூட்டுக்கு வாய் திறக்கிற ஒரு பித்தளைக் கதவு இன்ஜினுக்குள் இருக்கும், அதையே கழற்றி எறிந்தேன். சித்தி கரைத்துக் கொடுத்த புளித்தண்ணீரை ஊற்றி ஊறவைத்தேன். பித்தளைக் குண்டானுக்குப் போடுகிற புளி இன்ஜினுக்கு ஆகாதா என்று அவளே சொன்னாள், அந்த யோசனையைப் பிறகு என்னுடையது என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், மன்னித்துக்கொள் பாக்கியம். ஈரச் சாக்கை இன்ஜின் தலைமேல் போட்டேன். சாக்கு காய்ந்து தீய்ந்தது, இன்ஜின் கொதித்தது. நீ அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சித்தி, "என்ன ஆச்சு?" என்றாள். "நாளைக்கு ஓடும்" என்றேன். அவள் உன் நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டபடி, "ஓடலேன்னா?" என்றாள். அதற்கு நான் ஏதோ பெரிதாகச் சொன்னேன். என்னவென்று ஞாபகம் இல்லை, பெரிதாகச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை காலை எனக்கு ஞானம் வந்தது. கரையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் ஏரியில் குடத்தை முக்கினாள். வாய் குப்புற அமுக்கினாள், தண்ணீர் ஏறவில்லை. குடத்தைச் சாய்த்தாள், குபுக் குபுக் என்று காற்று வெளியே வந்தது, குடம் நிறைந்தது. அவ்வளவுதான், எனக்குப் பொறி தட்டியது. இன்ஜினின் பின்பக்கம் மேடு, ரேடியேட்டர் பள்ளம். ரேடியேட்டர் வாய்வரை தண்ணீர் ஊற்றினாலும் மேட்டில் இருக்கிற காற்று எங்கே போகும்? அங்கேயே குந்திக்கொண்டிருக்கும். காற்று இருக்கிற இடத்துக்குத் தண்ணீர் வராது, தண்ணீர் வராத இடம் சூடாகும், தண்ணீர் கொதிக்கும். தாமரை அள்ளுகிற எட்டுப் பேரைக் கூப்பிட்டு, படகின் மூக்கைப் பிடித்துக் கரைச் சரிவில் ஏற்றச் சொன்னேன். மூக்கு மேலே, வால் தண்ணீரில். இப்போது ரேடியேட்டர் உயரம், இன்ஜினின் பின்தலை தாழ்வு. பின்தலையில் இருந்த ஒரு சின்ன போல்ட்டைத் தளர்த்திவிட்டு, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். போல்ட் இடுக்கில் உஸ்ஸென்று காற்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. பிறகு துப்பியது, பிறகு ஒழுங்காகத் தண்ணீர் வந்தது. போல்ட்டை இறுக்கி, மூடியைப் போட்டு, படகைத் தண்ணீரில் தள்ளினோம்.

பெரிய இன்ஜினியர் வந்தார். ஏரியை மூன்று சுற்று சுற்றிக் காட்டினேன். ஐந்து என்று முன்பு சொல்லியிருக்கிறேன், மூன்றுதான். சூட்டு முள் நடுவில் நின்றது, ஆடக்கூட இல்லை. அவர் என் கையைக் குலுக்கினார். பர்மனென்ட்டு ஆனேன். நீ படித்தது, சித்திக்கு வைத்தியம் பார்த்தது, இந்த வீடு, நீ பம்பாய்க்குப் போட்டுக்கொண்டு போன கோட்டு, எல்லாம் அந்தப் படகில் ஏறித்தான் வந்தன.

நஞ்சப்பாவுக்கு என்ன ஆயிற்று என்பதை நான் இதுவரை யாருக்கும் கதையாகச் சொன்னதில்லை, ஏனென்றால் அதில் நான் வரவில்லை. அவன் சைக்கிளில் கருவிப் பையை மாட்டிக்கொண்டு பட்டறை பட்டறையாக வேலை கேட்டுப் போனான். அவன் போவதற்கு முன்னால் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. காலி நஞ்சப்பா. நிறைந்த ரேடியேட்டரைக் காலி என்று சொன்ன ஆள். அந்தப் பெயரை டீக்கடையில் வைத்து ஊர் முழுக்கப் பரப்பியது நான்தான். சிரிப்பாக இருந்தது, எல்லாரும் சிரித்தார்கள், இன்னொரு தடவை சொல்லு என்றார்கள், சொன்னேன். கண்டோன்மென்ட் பக்கம் எந்தப் பட்டறையிலும் அவனுக்கு இன்ஜின் கொடுக்கவில்லை. பல வருஷம் சைக்கிள் பஞ்சர் ஒட்டினான். எந்த இன்ஜினையும் கழற்றாமல் பார்த்தே நோய் சொல்லக்கூடியவன் சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் காற்று எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் படகிலிருந்து அதைப் பார்ப்பேன். சாரதாவைப் பள்ளிக்கூடத்தில் "காலி மகளே" என்று கூப்பிட்டார்கள் என்று நீ ஒருதடவை என்னிடம் சொன்னாய். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உனக்கு அப்போது தெரியாது. நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன். இந்த வரியையும் அவள்தான் எடுத்துச் சொல்லவேண்டும். சொல்லம்மா. விட்டுவிடாதே.

மகனே, நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன், உனக்கு நான் புத்தி சொல்லவேண்டிய இடம் இது. அவள் ஒன்று சொல்லி உனக்குப் புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். தலையை ஆட்டிவிட்டு, பிறகு உனக்கு வசதியான அர்த்தத்தை வைத்துக்கொள்ளாதே. இரண்டு பாஷை இருக்கிற வீட்டில் அது ரொம்பச் சுலபம். நான் இன்னும் அழகாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், ஆனால் காலையிலிருந்து எழுதிக் கை வலிக்கிறது, எனக்கே இந்த இடத்தில் எல்லாம் கலங்கிப்போய்க் கிடக்கிறது. எது நான் பார்த்தது, எது நான் பல தடவை சொல்லிச் சொல்லிப் பார்த்த மாதிரி ஆனது என்று பிரிக்க வரவில்லை. குடத்தோடு வந்த அந்தப் பெண்ணுக்கு இந்தத் தடவை எழுதும்போது முகமே வரவில்லை.

ஆகவே பதில் இதுதான் என்று எழுதினேன்: சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, அதனால் புரியவில்லை, பாஷைக் குழப்பம், யார் மேலும் தப்பில்லை. எழுதி, சித்தியைக் கூப்பிட்டு முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படித்தாள். முதலைப் பல்லுக்குச் சிரித்தாள். புளித்தண்ணீருக்கு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஓவர்சியர் ரேடியேட்டரைத் திறந்து விரல் விட்ட இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஏங்க, இன்ஜின் ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"சூடாயி அலறிக்கிட்டிருந்த இன்ஜின்ல மூடியத் தொறந்து வெரல வுட்டாரா அந்த மனுஷன்?"

நான் பேனா மூடியைத் தேடினேன்.

"இத்தினி வருஷமா எங்கிட்ட நீங்கதான சொல்லுவீங்க, ஓடற இன்ஜின்ல மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துடும், ஆறி அடங்குனப்புறந்தான் தொடணும்னு." காகிதத்தை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஏழுமலை, மேலே எழுதியதை நான் அடிக்கவில்லை. அப்படியே படி, பிறகு இதைப் படி. நஞ்சப்பா கேட்டது ஒரே கேள்வி. அதற்கு என் பதிலை நீ படித்து முடித்ததும் அவன் தட்டை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது அவன் இஷ்டம், நீ அவன்மேல் கோபப்படக் கூடாது. குடத்து விஷயத்தை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடியது என்று எழுதினேனே, அதை நான் சேர்த்தேன். டீக்கடையில் முதல் தடவை சொன்ன அன்றைக்கே சேர்த்துவிட்டேன். இன்ஜினை நிறுத்தி ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருந்தது. நஞ்சப்பா அந்தச் சொல்லைச் சொன்னான். நான் விழிப்பதைப் பார்த்து, என் வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஊதினான். ஊதிவிட்டு இன்ஜினின் பின்தலையைக் காட்டினான், பிறகு இரண்டு கையாலும் படகின் மூக்கைத் தூக்குவது போலக் காட்டினான். எனக்குப் புரிந்தது. காற்று என்று புரிந்தது, என்ன செய்யவேண்டும் என்றும் புரிந்தது. ஓவர்சியர் என்னய்யா சொல்றான் என்று கத்தவில்லை. பக்கத்தில்தான் நின்றார், மெதுவாகத்தான் கேட்டார். அந்த வேலை ஒரே ஆளுக்குத்தான் என்பது என் மண்டையில் இருந்தது. காலி என்றேன். சத்தமே இல்லை. அந்தக் கரையில் அப்போது ஒரு கொக்கு சிறகை மடக்கியிருந்தால்கூடக் கேட்டிருக்கும்.